இரண்டாம் பிடி அரிசி

இராயபுரம், சென்னை
18-12-1951

அன்புள்ள மகள் சுகிர்தத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் பிறந்த குழந்தையும் சுகம் என்று உன் கடிதத்திலேயே நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நான் தனியாக விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் ஆரம்பித்தால் அதையும் என் கணக்கில் ஒரு குறையாகச் சேர்ப்பீர்கள் என்பதால் விசாரிக்கிறேன். சுகம்தானே?

உன் கடிதம் இந்த மாதம் நாலாம் தேதி வந்தது. பதில் எழுத இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அந்தக் கடிதத்தை நான் ஏழு தடவை படித்தேன். முதல் தடவை உன் அம்மாவுக்காகச் சத்தமாக, அச்சில் வேதம் வாசிக்கிறவளுக்குக் கையெழுத்து பிடிபடுவதில்லை என்பதால். மற்ற ஆறு தடவையும் குறை தேடிப் படித்தேன். குறை நிறையவே இருந்தது. காற்றில் கூரைத் தகரம் பறந்துபோய் உன் புருஷன் அதன் மேல் கல் தூக்கி வைத்திருக்கிறார். குளிருக்காக மாட்டைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டி, அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். உன் மாமியார் பாதிக் கண்ணோடு உன்னைச் செத்துப்போன முதல் மருமகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நீயும் அந்தப் பேருக்கே ஏன் என்று பதில் கொடுத்துக்கொண்டு போகிறாய். உன் புருஷனுடைய மூத்த தாரத்துப் பெண் அன்னப்பழம் மூன்று வருஷம் ஆகியும் உன்னை அம்மா என்று சொல்லாமல் டீச்சர் என்றே சொல்கிறது. மலைச்சரிவில் மண் விழுந்து பஸ் வராததால் பிரசவம் வீட்டிலேயே ஆகியிருக்கிறது, அந்தக் கண் தெரியாத மனுஷி உன்னைத் திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார்கள், பத்து வயதுப் பெண் லாந்தர் பிடித்திருக்கிறது. உறைபனியில் பாதி உருளைக்கிழங்கு கெட்டுப்போயிற்று, பனி பட்ட கிழங்கைக் கரியடுப்பில் சுட்டால் இனிக்கிறது, ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தின்றோம் என்று எழுதியிருக்கிறாய். ஐந்தாவது ஆள் பிறந்து பத்து நாள் ஆன குழந்தை. அது எப்படிக் கிழங்கு தின்றது, எதற்குச் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில், சந்தோஷமாக இருக்கிறேன் அப்பா என்று முடித்திருக்கிறாய். நான் தேடியது இதில் ஒன்றையாவது நீ குறையாக எழுதியிருக்கிறாயா என்றுதான். எழுதவில்லை. டிரெயினிங் முடித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள், மாட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சந்தோஷம் என்று எழுதினால், படிக்க வைத்தவனுக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்க வேண்டும்.

நீ மறந்திருப்பாய், இந்தத் தெருவில் யாரும் மறக்கவில்லை. உன் கல்யாண ஓலையைக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் கேட்பது வழக்கம், எவனும் பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கம். மூன்றாம் ஓலையில் நான் எழுந்து நின்றேன். பெண்ணைப் பெற்றவனே எழுந்து நிற்பதை அந்தக் கோவில் அதற்கு முன் பார்த்ததில்லை. என்ன தடை, சொல்லுங்கள் என்று ஐயர் கேட்டார். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆனவர், உன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டி வலது கையில் இரண்டு விரலை இழந்து, நீலகிரியில் உருளைக்கிழங்கு போடக் கிளம்பினவர், தன் பெண்ணை அழைத்துப் போகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த இடத்தில் டீச்சரையே கேட்டவர், இவை எல்லாம் என் வாயில் இருந்தன. சட்டப்படி இதில் எதுவும் தடை இல்லை என்று எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள், அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்துக் கொடுக்க நான் மறுத்ததும் உன் சித்தப்பா ராசையா எனக்கு முந்திக்கொண்டு வந்து நின்றான். அஞ்சாம் வகுப்போடு நின்ற தம்பி, வண்ணாரப்பேட்டைக் கருப்பட்டி மண்டியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், பி.ஏ. வரை படித்த அண்ணன் அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது போதாது என்று என் மகளையும் அவன்தான் கட்டிக்கொடுத்தான் என்று ஊரில் பேர்.

அதனால்தான் நீ ஏழு மாதமாக இருந்தபோது உன்னை அழைத்து வர நான் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெற்றவன் போய்க் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. உன் புருஷன் ஒரு வரி எழுதிக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் போல. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்ததில் உனக்குக் கண் தெரியாத மனுஷியும் லாந்தரும்தான் கிடைத்தன. இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

ஜனவரி பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம், நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும், போகப் போவதில்லை என்று கடிதத்தை மடித்து வைத்தேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் இந்த இரண்டு வருஷமாக இளைத்துக்கொண்டே வருகிறாள் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன், அவர் டானிக் எழுதிக் கொடுத்தார். மூன்று பாட்டில் குடித்தும் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றும் தெரியாதவன் யார் என்பது இந்த மாதம் ஆறாம் தேதிதான் தெரிந்தது.

அன்றைக்கு மண்டியில் எனக்கும் ராசையாவுக்கும் வாக்குவாதம். தூத்துக்குடிக்காரனுக்கு நான் எழுதின கடிதத்தைக் கணக்குப்பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, சுருக்கமா எழுதுங்க. நாம கருப்பட்டிதானே விக்கோம், கோர்ட்டுலயா வாதாடுதோம்” என்றான். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு நடந்தேன். தெரு முழுவதும் எலெக்ஷன் கூச்சல், வெயில். வாசலுக்கு வந்தபோது கெங்கம்மா, அதுதான் காலையில் மீன் கூடை கொண்டு வருகிறவள், நம் வீட்டுப் பின்கட்டிலிருந்து முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முந்தானையை விலக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். மண்சட்டி நிறைய அரிசி. ரேஷனில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தருகிற காலத்தில் ஒரு சட்டி அரிசி. எனக்குத் தம்பி மேல் இருந்த கோபம் எல்லாம் அவள் மேல் போயிற்று. திருடி என்று கத்தினேன். ஒரு தடவை அல்ல. சந்துக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அவள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். “யாரு நைனா திருடி? உள்ள போயி உம் பொண்டாட்டியாண்ட கேளு. அவ வவுத்துலேர்ந்து எட்த்துக் குட்த்த அரிசி இது” என்றாள். சத்தம் போடவில்லை. உன் அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து சட்டியை எடுத்துக் கெங்கம்மாவின் கையில் திரும்பக் கொடுத்தாள், நான்தான் கொடுத்தேன் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், வேட்டி மடித்து வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

விஷயத்தை நான் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டு ஐரீன் அம்மாள் மூலமாக. ரெயில்வேயில் கார்டாக இருந்த புருஷன் இறந்த பிறகு தனியாக இருக்கிற அந்த அம்மாளை உனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும் என்று இப்போது புரிகிறது. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ளது. நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து உன் அம்மா இரண்டாவது பிடி ஒன்று எடுத்து வேறு பானையில் போட்டிருக்கிறாள். கோவில் பிடியில் கை வைக்கவில்லை. என் பங்கிலும் கை வைக்கவில்லை. மாதம் ஒரு தடவை கெங்கம்மா அந்த அரிசியைக் கொண்டு போய் விற்று, மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய ஸ்வெட்டர்களை வாங்கி வந்திருக்கிறாள். ஐரீன் அம்மாள் அவற்றைப் பிரித்து நூலாக்கி உன் அம்மாவுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வேர்வையில் ஊசி வழுக்குகிற இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உன் மாமியாருக்கு, உன் புருஷனுக்கு, அந்தப் பெண்ணுக்கு, உனக்கு, கடைசியாகக் குழந்தைக்கு என்று பின்னி, ஐரீன் அம்மாள் பேரில் பார்சல் போயிருக்கிறது. எல்லாம் காக்கி நிறம், அதனால் உங்கள் வீட்டைப் பக்கத்தில் உள்ளவர்கள் பட்டாளத்து வீடு என்று சொல்கிறார்கள் என்று நீ ஐரீன் அம்மாளுக்கு எழுதினாயாம். எனக்கு எழுதவில்லை. மூன்று வருஷமாக எனக்கு வந்த கடிதங்களில் கம்பளி என்ற வார்த்தையே இல்லை. நீயும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறாய், இதை நான் மறக்க நாளாகும்.

அதைவிட ஒன்று இருக்கிறது, அதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. எனக்குப் பரிமாறி முடித்துவிட்டுப் பிறகு சாப்பிடுவது உன் அம்மாவின் பழக்கம். அந்தப் பிறகு என்பது எப்படி இருக்கும் என்று இருபத்தேழு வருஷத்தில் நான் ஒரு நாளும் அடுக்களையை எட்டிப் பார்த்ததில்லை. ஐரீன் அம்மாள் சொன்ன மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு போய் நிலைப்படியில் நின்றேன். அவள் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டிச் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள என் தட்டில் நான் ஒதுக்கி வைத்த கருவாட்டு முள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை, குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். மூன்று பாட்டில் டானிக் வாங்கிக் கொடுத்தவன் நான்.

கெங்கம்மா அதற்குப் பிறகு நம் தெருவுக்குள் கூடை கொண்டு வரவில்லை. இரண்டு தடவை அவள் குடிசை வரை போய்விட்டுத் திரும்பினேன். என்னைப் போன்றவன் போய் நிற்கிற இடமா என்று ஒரு தடவை, அவள் இல்லை போலிருக்கிறது என்று ஒரு தடவை. நேற்றுத் திங்கட்கிழமை காலை மூன்றாவது தடவை போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “இன்னா நைனா, மீனு வாங்க வந்தியா, மன்னாப்பு கேக்க வந்தியா? மீனுன்னா இங்கியே நில்லு. மன்னாப்புன்னா உன் தெருவுக்கு வரேன், அங்கதான திட்ன” என்றாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து கூடையோடு எனக்கு முன்னால் நடந்தாள். நம் வீட்டு வாசலில், அன்றைக்குச் சட்டியை வைத்த அதே இடத்தில் நின்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “சத்தம் பத்தல. அன்னிக்கு மில்லு சங்கு மாறி ஊதுன” என்றாள். எதிர்வீட்டுக்காரன் சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி முகத்தோடு வந்து நின்றான். தெரு முனை வரை கேட்கும்படி மறுபடியும் சொன்னேன், இந்த அம்மாள் திருடவில்லை, நான் சொன்னது பொய், தப்பு என்மேல் என்று. கோவிலில் எழுந்து நின்றபோது வராத வார்த்தை இங்கே எப்படியோ வந்துவிட்டது. அவள், “சரி வுடு. சங்கரா மீனு நல்லாகீது, எட்த்துக்க. சும்மா தரமாட்டேன்” என்றாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உன் அம்மா குழம்பு வைத்தாள். எனக்கு எதிரில் இன்னொரு தட்டு போடச் சொன்னேன். போடவில்லை. நானே எடுத்துப் போட்டேன், வெகுநேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, “நான் போறேன். நீங்க வந்தாலும் போறேன், வராட்டாலும் போறேன்” என்றாள். பதினோரு நாளைக்குப் பிறகு வந்த பேச்சு இதுதான். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை, குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னேன். அவள் கை கழுவிவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். இதுவும் காக்கிதான். என் மார்பளவு. “மொதல்ல பின்னுனது இது. கை பழகல, அதான் கோணலா இருக்கு” என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்று நின்ற அந்த மாதத்திலேயே, என்றைக்காவது ஒரு நாள் நான் அந்த மலைக்குப் போவேன் என்று அவள் முதலில் எனக்குத்தான் பின்னியிருக்கிறாள். என்னைப் பற்றி என்னைக் கேட்காமல் இப்படி ஒரு முடிவுக்கு வர அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. உச்சிவெயிலில் போட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் அரித்தது. அவள் சிரித்தாள், என்னைப் பார்த்துத்தான்.

ஆகவே ஜனவரி பத்தாம் தேதி வியாழக்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பி மறுநாள் காலை மேட்டுப்பாளையம் வந்து மலை ரெயில் பிடித்துக் குன்னூரில் இறங்குவோம். அங்கிருந்து பஸ் என்று எழுதியிருந்தாய், எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை, உடனே எழுது. உன் புருஷனைப் பற்றி என் அபிப்பிராயம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்றாம் ஓலையில் நான் நினைத்தது இப்போதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, எழுந்து நின்றதுதான் தப்பு. ஞானஸ்நானத்தில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நானும் நிற்பேன், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. அவர் ஸ்டேஷனுக்கு வந்தால் வரட்டும், வரவில்லை என்றாலும் இந்தத் தடவை அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன், உன் அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறாள். ரேஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி இந்த வீட்டில் இரண்டாவது பிடி என் பங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், எடுக்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

கரியடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள், அந்தப் புகையில் ஒரு குடும்பமே எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் படித்தேன். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். குழந்தைக்கு மாட்டு உண்ணி ஏறாமல் பார். கூரைத் தகரத்துக்குக் கல் போதாது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும், கம்பி நான் கொண்டு வருகிறேன், அவருக்கு அந்தக் கையோடு முறுக்க வராது. நீ பச்சை உடம்பு, தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே. நாங்கள் வரும்போது அந்தப் பனி பட்ட கிழங்கு கொஞ்சம் மிச்சம் இருந்தால் எடுத்து வை, உன் அம்மா கேட்கிறாள்.

கர்த்தர் உன்னையும், உன் புருஷனையும், அந்தப் பெரிய மனுஷியையும், குழந்தைகள் இரண்டு பேரையும் குளிரிலிருந்து காப்பாராக.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் போட்டு வரும் ஸ்வெட்டரில் இடது கை வலது கையைவிட நான்கு விரற்கடை அதிகம். மடித்து விட்டால் தெரியாது என்கிறாள் உன் அம்மா. தெரிகிறது. உன் மாமியாருக்குக் கண் தெரியாதது ஒரு சௌகரியம். மற்றவர்கள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சிரிக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வை, முக்கியமாக அன்னப்பழத்திடம்.

உன்னைப் பெற்றவன்,
தவசிமுத்து